தொடக்கக் கல்வி அலுவலருக்கு நீலகிரியிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் ஒருவர்கூட இல்லாத அரசுப் பள்ளிகளை மூடுவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் மாவட்டத்தின் பெயரும் அடிபடுகிறது. பிள்ளைகளே இல்லாத கட்டடத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று வாதிட நான் எழுதவில்லை. சேர்க்கை பூஜ்யத்தைத் தொடும்வரை கோப்பு அசையாமல் கிடப்பதும், தொட்டபின் மளமளவென்று நகர்வதும்தான் என் கவலை.

சேர்க்கை குறைவதை ஆங்கில மோகம் என்ற ஒற்றைக் காரணத்தோடு முடித்துவிட முடியாது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளை (தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளை) நம்பியே கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிகள் பல நடந்தன. பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், கொழுந்து பறிக்கும் கூலியோ குடும்பத்துக்குப் போதாது என்ற நிலையில் இளையவர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். பிறப்பு விகிதமும் குறைந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. எஞ்சிய பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு தனியார் பள்ளியின் கதவைத் திறந்துவிட, அந்தக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

ஆனால் மலையில் பெற்றோரின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாதைதான் என்பது என் கணிப்பு. காலை ஏழரைக்கு லைன் முனையில் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. அரசுப் பள்ளிக்கோ தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும், முந்தின இரவு யானை போன தடம் அந்தப் பாதையிலேயே ஈரம் காயாமல் கிடக்கும். ஆறு வயதுப் பிள்ளையின் தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? தொலைதூரக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழிக்காவல் உதவி இருக்கிறது. பள்ளியை மூடியபின் பக்கத்து ஊருக்கு அனுப்புவதற்கு அதைக் கேட்பதைவிட, பத்துப் பன்னிரண்டு பேர் மீதமிருக்கும்போதே அவர்களைத் தக்கவைக்கக் கேட்கலாம். காலை உணவும் நல்ல ஈர்ப்புதான், ஆனால் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்குத்தானே உப்புமா!

மூடிய பள்ளியை வேறொன்றாக மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் மாணவர் இல்லாத 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிக நூலகங்களாக மாற்ற அரசு முடிவெடுத்தது. புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் அப்படி நூலகமான பள்ளி, ஊர்மக்கள் பிள்ளைகளைச் சேர்க்க முன்வந்ததும் மீண்டும் பள்ளியாகவே திறந்தது. பள்ளி நூலகமான பிறகுதான் ஊர் கூடியது என்றால், அந்தக் கூட்டத்தை ஓராண்டு முன்பே பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கூட்டியிருக்கலாம் அல்லவா?

ஆகவே, இருபது பேருக்குக் கீழ் இறங்கிய பள்ளிகளின் பட்டியலைத் தாங்கள் இப்போதே வெளியிட வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும், அந்தக் குடியிருப்பில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எங்கே படிக்கிறார்கள் என்பது இருக்கட்டும். ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி எடுக்கும் கணக்கெடுப்பில் இந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகள் உண்மையிலேயே இல்லாத ஊரில் மூடுவதை நானும் எதிர்க்க மாட்டேன்.

மூடும் இடங்களில் இன்னொன்று. தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் சாதிச் சான்றுக்கும் பிறந்த தேதிக்கும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தவிர வேறு ஆதாரமில்லாதவர்கள் இருக்கிறார்கள். பூட்டும் நாளிலேயே அந்தப் பதிவேடு எந்தப் பள்ளிக்குப் போகிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை வாசற்கதவில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கூடலூர் பகுதிப் பெற்றோர் ஒருவர்