ஒலிக்கவிதைக்கும் சுரக்கணக்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் எழுந்த கலகக் கலை இயக்கமான தாதா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பொருளில்லாமல் ஒலிகளை மட்டுமே கொண்டு எழுதும் ஒலிக்கவிதையை வாய்க்கு வந்ததை உளறுவது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஜெர்மன் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸின் 'ஊர்சொனாட்டே' என்ற ஒலிக்கவிதையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தவர் யாரும் அப்படி எழுத மாட்டார். ரோண்டோ, லார்கோ, ஷெர்ட்ஸோ, பிரெஸ்டோ என்று நான்கு பகுதிகள் கொண்ட முறையான சொனாட்டா, அதாவது மேற்கத்திய இசையின் பல பகுதி உருப்படி, அது. முழு வடிவம் 1932இல் அவருடைய 'மெர்ட்ஸ்' இதழின் 24ஆம் எண்ணாக அச்சேறியது.

அதன் முதல் வரி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெர்லின் தாதாக்காரர் ராவுல் ஹவுஸ்மன் 1918இல் வெறும் எழுத்துகளை வரிசையாக அடித்துச் சுவரொட்டிக் கவிதை வெளியிட்டார். ஒன்றின் தொடக்கம் ஃப், ம், ஸ், ப், வ், ட் என்று ஒற்றெழுத்துகளாகவே போகும். 1921இல் பிராகில் அவர் அதை வாசித்ததைக் கேட்ட ஷ்விட்டர்ஸ், அந்த மெய்களுக்கு உயிர் ஏற்றினார். நம் உயிர்மெய் இலக்கணமேதான். அதன்பின் அது திரும்பத் திரும்ப வரும் ரோண்டோவின் பல்லவி ஆகிவிட்டது.

அந்த வரியைக் கட்டுரையாளர் 'ஃபூம்ஸ் போ வோ டா ஜா' என்று அச்சிட்டிருக்கிறார். குறிலும் நெடிலும் கலைந்துவிட்டன. எழுத்துகளை ஜெர்மன் முறையில் ஒலிக்க வேண்டும், ஒற்றை உயிர் குறில், இரட்டித்து எழுதினால் நெடில் என்பது ஷ்விட்டர்ஸ் தந்த விதி. தமிழ் எழுத்துக்கு இதைவிட வசதியான விதி கிடைக்குமா? முதல் மூன்று அசைகளும் குறில், அடுத்த மூன்றும் நெடில். முதல் அசையின் உயிருக்கு உதட்டை 'உ'வுக்குக் குவித்து, நாக்கை 'இ'க்கு வையுங்கள். அடுத்த இரண்டுக்கும் உதடு 'ஒ', நாக்கு 'எ'. ஐந்தாவது அசையின் மெய் 'ஜ' அல்ல, 'ட்ஸ'.

மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதியான லார்கோவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தாளம் கண்டிப்பாக நான்கு எண்ணிக்கை. ஒவ்வொரு வரியும் முந்தையதைவிடக் கால் டோன் தாழ வேண்டும். ஹார்மோனியத்தில் கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையில் இருக்கும் தூரம் அரைச்சுரம்; அதில் பாதி அது. எட்டுப் படி இறங்கினால் அந்தர காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வந்துவிடுவோம். இருபத்து நான்கு படி என்றால் ஒரு முழு ஸ்தாயி. பேசும் சுருதியிலேயே தொடங்குகிறவருக்குப் பாதி வழியில் தொண்டை தரைதட்டும். அதனால்தான் உயரத்தில் தொடங்கச் சொல்கிறார் ஷ்விட்டர்ஸ். இன்னொரு பிழை, பழகிய காது அரைச்சுரமாகவே இறங்குவது. அப்போது இறக்கம் இரு மடங்கு வேகமாகிவிடும். ஹார்மோனியத்தில் கால் டோன் கிடைக்காது. வயலினில் இரண்டு அரைச்சுரங்களை மாற்றி மாற்றி வாசித்து, நடுவில் விரலை நிறுத்திப் பழகலாம்.

கடைசிப் பகுதியில் வரும் கடென்ஸா நம் மனோதர்மம் போன்றது. சொனாட்டாவின் துண்டுகளைக் கொண்டு வாசிப்பவரே கோத்துக்கொள்ளலாம். அச்சில் உள்ளது கற்பனை ஓடாதவர்களுக்காகத் தந்த மாதிரி மட்டுமே. தாம் ஒவ்வொரு முறையும் வேறொன்றை வாசிப்பதாக ஷ்விட்டர்ஸ் எழுதியிருக்கிறார்.

தாதா பிறந்த இடமான சூரிச்சின் கபரே வோல்டேர் என்ற கேளிக்கை அரங்கிலும் இசைதான் முன்னே நின்றது. 1916இல் தாதாக்காரர்கள் ஹுல்சன்பெக், யான்கோ, ட்சாரா மூவரும் ஒரே நேரத்தில் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சில் வாசித்த கவிதை இசைக்குறிப்புத் தாள்போலவே அச்சானது. நடுவே விசிலுக்கும் கிலுகிலுப்பைக்கும் முரசுக்கும் தனி வரிகள், உரக்க, மெல்ல என்ற குறிகளோடு. மூவரும் போட்டி போட்டுக் கத்தினால் அந்தக் குறிகள் வீணாகும். அங்கே ஒலிக்கவிதை வாசித்த ஹூகோ பால் என்பவரும் அதே ஆண்டு ஜூன் 23 அன்று, வாசித்துக்கொண்டிருக்கும்போதே தம் குரல் தேவாலயப் பாதிரியின் ராகத்துக்கு நழுவியதைக் குறித்துவைத்திருக்கிறார்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியையாவது திருத்தி வெளியிடுங்கள். தமிழில் இயன்றவரை நெருங்கி எழுதினால் இப்படி வரும்: ஃபும்ஸ் பொ வொ டே ட்ஸே ஊ, பொகிஃப், க்வீ ஏ.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்