உட்கருவில் நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை நோய் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணு கெட்டுப்போவதால் வரும் நோய்' என்று காரணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாம்பனில் என் தங்கையின் பேத்திக்கு இந்த நோய் இருக்கிறது. 'உன் வழியில்தான் கெட்ட இரத்தம் வந்தது' என்று குழந்தையின் தாயைக் குத்திப் பேசும் உறவினர்களுக்கு இப்படிப்பட்ட வரிகள்தான் துணையாகின்றன. பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வரியில் விடுபட்டதைச் சொல்லியாக வேண்டும்.

இந்திய நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றத்தில், புரதத்துக்கான குறியீட்டில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. அடினின், குவானின், சைட்டோசின் போன்ற வேதிப்பொருள்களைத்தான் மரபணுவின் எழுத்துகள் என்கிறோம். எங்கள் குழந்தைக்கு இருப்பதும் அதே மாற்றம்தான். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்குரிய மரபணுவில், அந்தப் புரதத்துக்கு உதவும் எக்சான்கள் மூன்று. அவற்றுக்கு நடுவே புரதத்தில் இடம்பெறாத இன்ட்ரான்கள் இரண்டு. முதலாவது 130 எழுத்து நீளம், இரண்டாவது 850. செல்லின் உட்கருவுக்குள் மரபணுவைப் படியெடுக்கும்போது இன்ட்ரான்களும் சேர்ந்தே படியில் வந்துவிடுகின்றன. அந்த முதல் படியை அப்படியே வெளியே அனுப்பினால் பயனில்லை. படி நீளத் தொடங்கியதுமே அதன் முன்முனையில் குவானின் மூடி ஒன்று பொருத்தப்படுகிறது. பின்முனைக்கு அருகே ஆறெழுத்து அடையாளம் ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் படி வெட்டப்பட்டு, ஏறத்தாழ 200 அடினின்கள் கொண்ட வால் சேர்க்கப்படுகிறது. இன்ட்ரான்களை வெட்டி எடுத்து எக்சான்களை ஒட்டும் வேலையை ஸ்பிளைசோசோம் என்ற பெரிய கூட்டமைப்பு செய்கிறது. இவையெல்லாம் முடிந்த பிறகுதான், தூதுவ ஆர்.என்.ஏ. எனப்படும் அந்தச் சீரான படி, புரதம் செய்யப்படுவதற்காக உட்கருவின் துளைகள் வழியாக வெளியேறுகிறது.

எங்கள் குழந்தைக்கு முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தில் குவானினுக்குப் பதில் சைட்டோசின் இருக்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் இடம் அது. அங்கே வந்து பொருந்த வேண்டிய, ஸ்பிளைசோசோமைச் சேர்ந்த யு1 என்ற சிறு ஆர்.என்.ஏ. சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் அருகிலுள்ள போலி இடங்களில் வெட்டு விழுகிறது. எங்கள் ஊரில் வலையின் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இருபுறத்தையும் சேர்த்துக் கட்டுபவர்கள் கண்ணுக்குக் கண் பார்த்துத்தான் கட்டுவார்கள். ஒரு கண் தள்ளிப்போனால் வலை கோணிக்கொள்ளும். இங்கும் அப்படித்தான். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கவேண்டிய வரிசை குலைந்து, பாதி வழியிலேயே 'நிறுத்து' என்ற குறி வந்துவிடுகிறது. அத்தகைய படிகளைச் செல்லே பெரும்பாலும் அழித்துவிடும். சரியாக வெட்டப்பட்டு மிஞ்சுபவை மிகச் சிலவே. ஆறெழுத்து அடையாளத்தில் ஓர் எழுத்து மாறியதால் தலசீமியா வந்தவர்களும் உலகில் உண்டு. அவர்களிடமும் பழுது இந்த உட்கரு வேலையில்தான்.

இரத்தச் சிவப்பணுவுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கும். எலும்பு மஜ்ஜையில் வளரும் அந்தச் செல், முதிர்வதற்கு முன் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. அதன்பின் புதுப் படி எடுக்க வழியில்லை. மூடியும் வாலும் காத்து வைத்திருக்கும் பழைய படிகளைக் கொண்டே மேலும் ஓரிரு நாள்கள் ஹீமோகுளோபின் செய்துகொள்கிறது. உட்கரு இருந்தபோது நல்ல படிகளைச் சேர்க்காத செல்லுக்கு அதற்கும் வாய்ப்பில்லை.

மரபணு இப்படித் துண்டு துண்டாக இருப்பதை 1977இல் அடினோ வைரஸில் கண்டறிந்த பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. எஸ்.எம்.ஏ. என்ற தசைநலிவு நோய்க்கு வெட்டி ஒட்டும் வேலையைத் திருத்தும் நுசினெர்சன் மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது தலசீமியாவுக்கான மருந்து ஆகாது. யாரும் வீணாக அலைய வேண்டாம். எங்கள் குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். சேரும் இரும்பை வெளியேற்ற மாத்திரையும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் வீட்டு வருமானம் நின்றுவிடுகிறது, இரத்தம் ஏற்றுவதை நிறுத்த முடியுமா?

இத்தகைய மாற்றம் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பக்கமும் வந்தால்தான் குழந்தைக்கு இப்படி நோய் வரும். ஒரு பக்கம் மட்டும் உள்ளவர்கள் நலமாகவே நடமாடுவார்கள். இலேசான சோகை தெரிந்தால் இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பார்க்கும் பரிசோதனையில் பெரும்பாலும் அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மணம் முடிக்கும் வழக்கம் எங்கள் கடலோர ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்த வீடுகளில் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

குழந்தையின் அத்தைகள் இருவருக்கு உறவிலேயே சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பரிசோதனை என்றதும் 'எங்கள் பிள்ளைகளுக்கு என்ன குறை?' என்று முகம் சுளிக்கிறார்கள். என் பேச்சைவிட அச்சில் வந்ததற்கு அவர்களிடம் மதிப்பு அதிகம். முகூர்த்த மாதங்களில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, படத்துடன், உட்கருவில் என்ன நடக்கிறது, எங்கே தவறுகிறது, எந்தப் பரிசோதனை தேவை என்று எளிய தமிழில் வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை அவர்கள் வீட்டுக்கு நானே எடுத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்