வேலங்கொத்து வைத்துப் போன அண்ணன்மார்களுக்கு

திருச்சி லாட்ஜ் அண்ணன்மார்களுக்கும் அவர்கள் வீட்டு அக்காக்களுக்கும் வணக்கம்.

என் மகள் பிசியோதெரபி படித்து முடித்து, போன மாதம் முதல் சம்பளம் வாங்கினாள். கவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "அம்மா, லாட்ஜ் மாமாக்களுக்கு நீ ஒரு லெட்டர் எழுதணும்" என்றாள். ஒன்பது வருஷமாக நானும் நினைத்துக்கொண்டிருப்பதுதான். நேரில் நன்றி சொல்ல வாயெடுத்தாலே "அதெல்லாம் எதுக்கும்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயர்களை மட்டும் போடவில்லை. போட்டால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

உங்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் லாட்ஜ் என்றால் அறை வாடகைக்கு விடும் இடம். கல்யாணமான புதிதில் என் கணவர் "இன்னைக்கு லாட்ஜ் மீட்டிங்" என்று கறுப்புக் கோட்டோடு கிளம்பியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரச் சங்கத்தின் கிளைச் சபை என்று அப்புறம் தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் மண்டையோடு, ரகசிய பூஜை என்று ஏதேதோ சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிறவர்களைப் பற்றி ஊர் இப்படித்தான் பேசும். அவரிடம் கேட்டேன். "உள்ளே பைபிளும் கீதையும் குரானும் ஒரே மேசையில் இருக்கும். மதமும் அரசியலும் பேசக் கூடாது. அவ்வளவுதான் ரகசியம்" என்றார்.

அவர் இறந்துபோன பிறகு அவருடைய புத்தகங்களை எடுத்துப் படித்தேன். 1717ல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தலைமைச் சபை அமைத்தார்கள். அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு கப்பலேறி இந்தச் சபை சென்னைக்கும் வந்தது. நம் திருச்சிக்கும் இதில் பங்கு உண்டு. நத்தர்வலி தர்காவில் அடக்கமாகியிருக்கும் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா, 1770களில் திருச்சி லாட்ஜில்தான் உறுப்பினரானார். செய்தி கேட்டு லண்டன் சபை அவருக்கு கூட்டத்தில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் நீல ஏப்ரன் ஒன்றும் சபையின் சட்டப் புத்தகமும் அனுப்பி வைத்தது. அதற்கு அவர் எழுதிய பதில் மடல் பாரசீக மொழியில், பொன்னிழைத் துணி உறைக்குள் லண்டன் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரும் நன்றி மடல்தான் எழுதியிருக்கிறார்!

அந்தக் கதவு எல்லோருக்கும் அப்படித் திறக்கவில்லை என்பதையும் அதே புத்தகங்களில்தான் படித்தேன். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்து, உள்ளே வருவதற்கு ஒன்பது வருஷம் போராடி 1872ல்தான் சேர முடிந்தது. அவர் விடாமல் நின்றதால் எத்தனையோ பேருக்கு வழி கிடைத்தது. விவேகானந்தர்கூட, துறவி ஆவதற்கு முன், 1884ல் கல்கத்தாவில் ஒரு லாட்ஜில் சேர்ந்திருக்கிறார். 1961ல் இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சபை வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவர் டாக்டர்களோடும் வக்கீல்களோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார் என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

அவர் இறந்த அன்று மதியம் வெள்ளைக் கையுறை போட்ட பதினெட்டுப் பேர் வாசலில் வந்து நின்றீர்கள். உங்களில் பெரியவர் அவருடைய ஏப்ரனை எடுத்து வந்திருந்தார். அது ஆட்டுத் தோல். நெஞ்சின் மேல் வைக்கலாமா என்று அவர் கேட்டதும் எங்கள் புரோகிதர் தயங்கினார், உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பெரியவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. ஏப்ரனை நாலாக மடித்து, பன்னிரண்டு வயது என் மகன் கையில் கொடுத்து, "இது உங்க அப்பாவோட வேலைத் துணி. அழுக்குப் படாம வச்சுக்கோ தம்பி" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து அவர் காலடியில் ஒரு சின்ன வேலங்கொத்தை வைத்தீர்கள். வேப்பிலை தெரியும், துளசி தெரியும், வேலங்கிளையை யார் வைப்பார்கள் என்று அன்று புரியவில்லை. சாவோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதற்கு உங்களிடம் அதுதான் அடையாளம் என்று அப்புறம் படித்தேன். அந்த முள் ஒருவர் விரலில் குத்தி, வெள்ளைக் கையுறையில் ரத்தப்பொட்டு தெரிந்தது. இன்றும் அது கண்ணுக்குள் நிற்கிறது.

அதோடு போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். பதினாறாம் நாள் முடிந்த மறுவாரம் பொருளாளர் அண்ணன் ஒரு நோட்டோடு வந்தார். என்னென்ன பாலிசி, எங்கே என்ன கடன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி, இனிஷியல் மாறியிருக்கிறது என்று ஏழு மாதம் இழுத்தடித்தது. ஒவ்வொரு முறையும் என்னோடு வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தீர்களே அண்ணா, முட்டி வலியோடு! கடைசியில் பணம் வந்த அன்று, எனக்கு முன்னால் உங்கள் கண்தான் கலங்கியது.

பிள்ளைகள் இருவருக்கும் வருஷா வருஷம் ஜூன் முதல் வாரத்தில் ஃபீஸ் வந்துவிடும். நான் கேட்டதே இல்லை. யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கூட்டத்தில் தர்மப் பை சுற்றி வருமாம், யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாதாம். புதிதாகச் சேருகிறவரை காசு, மோதிரம் எதுவும் இல்லாமல் நிறுத்தி, ஏழைகளுக்கு ஏதாவது கொடு என்று கேட்பார்களாம். கொடுக்க ஒன்றுமில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது தெரிய வேண்டும் அல்லவா. இதைப் படித்த அன்று, ஜூன் மாதத்துக் கவர்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இன்னொன்றும் படித்தேன். 1788ல் லண்டனில் ருஸ்பினி என்ற பல் மருத்துவர், இறந்துபோன, நொடிந்துபோன உறுப்பினர்களின் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்க முன்னின்றார். முதலில் சேர்ந்தவர்கள் 15 சிறுமிகள். அந்த வரிசையில் என் மகளையும் சேர்த்துத்தான் இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது லாட்ஜ் கண் முகாம் நாட்கள் ஞாபகம் வருகின்றன. கிராமத்திலிருந்து வந்த பாட்டிகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து, டோக்கன் எழுதி, தயிர்சாதம் பிசைந்து கொடுத்தவர்கள் நீங்கள்தான் அக்கா. உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, ஆனால் முகாம் உங்களால்தான் நடந்தது. வீட்டிலேயே முடங்கிக் கிடந்த என்னை, "டோக்கன் எழுத ஆள் இல்லை, வா" என்று இழுத்துப் போனீர்கள். ஆள் இருந்தது என்று எனக்கு அன்றே தெரியும்.

ஹாலைப் பார்த்துக்கொள்ளும் தாத்தாவுக்கும் நன்றி. என் கணவருடைய முதல் திவசத்தன்று, கூட்டமில்லாத நேரத்தில் கதவைத் திறந்து, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையைக் காட்டி, "சார் எப்பவும் இந்த நாற்காலிதாம்மா" என்றீர்கள். பத்து நிமிஷம் அதில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வெளியே போய் நின்றுகொண்டீர்கள்.

மகளுடைய முதல் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள். அது தர்மப் பைக்கு. பெயர் எழுதவில்லை.

வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். வத்தக்குழம்பும் சேனை வறுவலும், அவருக்குப் பிடித்த பால் பாயசமும். மாடி ஏற முடியாதவர்களுக்குக் கீழே வராண்டாவிலேயே இலை போட்டுவிடுகிறேன். பொருளாளர் அண்ணா, உங்களுக்கு முதுகு சாய்கிற நாற்காலி எடுத்து வைத்திருக்கிறேன்.