சுற்றுலா புறப்படும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ பொதுத்தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்து, ஒருவர் சட்டையில் ஒருவர் மையைத் தெளித்துக் கொண்டாடிய கையோடு, நண்பர்கள் கூடி எங்கேயாவது சுற்றுலா போகத் திட்டமிடுவது இப்போது ஊருக்கு ஊர் வழக்கமாகிவிட்டது. மார்ச் கடைசியில் தொடங்கிக் கல்லூரி திறக்கும் வரை கொடைக்கானல், ஏற்காடு, ஒகேனக்கல், கன்னியாகுமரி, புதுச்சேரி என்று நான்கைந்து பேராக, பெரியவர் எவரும் உடன் வராமல், பலரும் வாழ்க்கையில் முதன்முறையாகப் புறப்படுகிறார்கள். அதே மாதங்களில்தான் 'குளிக்கச் சென்ற மாணவர் பலி' என்ற செய்தியையும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி படிக்க நேர்கிறது. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவன், உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கோடைக்கு முன்பாகப் பெற்றோரும் பள்ளிகளும் செய்யக்கூடியவை குறித்து எழுத விரும்புகிறேன்.

பிள்ளை வந்து அனுமதி கேட்கும்போது வீடுகளில் இரண்டு விதமான பதில்களையே காண்கிறேன். ஒரு சாரார் 'எங்கேயும் போக வேண்டாம்' என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். மற்றொரு சாரார் செலவுக்குப் பணம் கொடுத்து, 'பார்த்துப் போய்விட்டு வா' என்று வழியனுப்பிவிடுகிறார்கள். இரண்டாலும் அந்தப் பிள்ளை எதையும் தெரிந்துகொள்வதில்லை. நான் சுற்றுலாவுக்கு எதிரானவன் அல்லன். இன்னும் சில மாதங்களில் விடுதியில் சேர்ந்து தனித்து வாழப்போகும் பதினேழு வயதுப் பிள்ளை, நண்பர்களோடு ஒரு மலையையோ கடலையோ பார்த்துவிட்டு வருவது நல்லது என்றே கருதுகிறேன். ஆனால் தேர்வறையில் வினாத்தாளைப் படித்துப் பார்க்கத் தரப்படும் பத்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது வரை ஓராண்டு முழுவதும் பழக்கிய நாம், பெற்றோர் துணையின்றி அந்தப் பிள்ளை மேற்கொள்ளும் முதல் பயணத்துக்காகப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதில்லை.

பேச்சைத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. 2023 பிப்ரவரி 15ஆம் தேதி, கால்பந்துப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் எங்கள் ஊரான குளித்தலைக்கு மேற்கே மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்ததை இந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை.

கோடைக்காலக் காவிரி வெளியூர்ப் பிள்ளைகளின் கண்ணுக்கு ஆபத்தானதாகவே தெரியாது. பரந்த மணலும், நடுவே கெண்டைக்கால் நனையும் அளவுக்கு ஓடும் நீருமாகக் கிடக்கும். அடியில் மணல் அள்ளிய குழிகள் இருப்பது மேலே தெரியாது. குழி உள்ள இடத்தில் ஓட்டத்தின் சலசலப்பு அடங்கி, நீர் சற்றே கறுத்து, அசைவற்று நிற்கும்; குளிக்க வசதியான இடம் என்று பிள்ளைகளை எண்ணவைப்பதும் அந்த அமைதிதான். கணுக்கால் ஆழத்தில் நடந்து வருபவர் அடுத்த அடியை எடுத்து வைத்ததும் குழியின் விளிம்பு மணல் காலடியில் சரியும். பின்வாங்க நினைத்து மறு காலை ஊன்றினால் அந்த மணலும் சேர்ந்து சரியும். நாலடி தள்ளி நிற்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். கைகோத்துக்கொண்டு இறங்கினால் பயமில்லை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். முதலில் சரிபவர் தம் கையைப் பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டுதான் போவார். ஊர்மக்கள் அன்றாடம் குளிக்கும் துறையைத் தவிர வேறெங்கும் இறங்குவதில்லை, அங்கேயும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் இறங்குவதில்லை என்ற உறுதியைப் பிள்ளையிடம் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

'எனக்குத்தான் நீச்சல் தெரியுமே' என்பார்கள். அவர்கள் நீந்திப் பழகியது பெரும்பாலும் ஊர்க் கிணற்றிலோ கட்டணக் குளத்திலோ இருக்கும். ஓடும் நீரும் கடலும் வேறு. 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி இறந்த ஐவரும் மருத்துவம் பயின்றவர்கள். விவரம் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. மீனவர்கள் கள்ளக்கடல் என்று அழைக்கும் பேரலை குறித்த எச்சரிக்கை அந்த நாட்களில் விடுக்கப்பட்டிருந்தது. எங்கோ தென்கடலில் வீசிய காற்றால் எழுந்து வரும் அந்த அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளிலும் கரையில் நிற்பவரை இழுத்துச் செல்லும். ஆகவே கடலுக்குப் போகும் பிள்ளை வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அன்றைய எச்சரிக்கை என்ன என்று செய்தியிலும், கரையில் இருக்கும் மீனவரிடமும் காவலரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அலைகள் வரிசையாக உடையும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தோன்றினால், பெரும்பாலும் அங்கேதான் நீரோட்டம் கடலுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் மூழ்குகிறார். மல்லாந்து மிதந்து கையை உயர்த்தி உதவி கேட்பதும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகுவதுமே வழி.

மலையடிவாரத்தில் நிலைமை வேறு. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. அருவிக்கு மேலே மலையில் பெய்யும் மழை, கீழே குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. தெளிந்து விழும் நீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, அருவியின் இரைச்சல் மாறினாலோ, துண்டையும் போனையும் தேடிக்கொண்டிராமல் அந்த நொடியே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அணையோ கதவணையோ நீர்மின் நிலையமோ உள்ள ஆற்றில் மழையே இல்லாமலும் வெள்ளம் வரும். 2014 ஜூன் 8ஆம் தேதி, இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும் சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் யாரும் நீந்தப் போனவர்கள் அல்லர்.

ஒருவர் மூழ்கும்போது உடனிருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஒரு சாவு மூன்று நான்கு சாவுகளாகப் பெருகுவது அடங்கியிருக்கிறது. மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அவருக்கு மூச்சை இழுக்கவே நேரம் போதாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, நின்ற வாக்கில், சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடுவார். விளையாடுகிறார் என்றே பக்கத்தில் இருப்பவர் நினைத்திருப்பார். தெரிந்தவுடன் பாசத்தால் குதிக்கும் நண்பரை, மூழ்குபவர் கழுத்தைக் கட்டிப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நால்வர் மூழ்கியபோது, அங்கிருந்த பெண்கள் மூவர் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து நீரில் வீசி, அதைப் பற்றிக்கொண்ட இருவரைக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது பொருத்தமானது. அவர்கள் கையாண்ட முறையைப் பாடமாக்கியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

சுற்றுலா போகும் வண்டியில் இருபது முப்பது அடி நைலான் கயிறும் ஐந்து லிட்டர் காலித் தண்ணீர் கேனும் இருந்தால் போதும். கேனில் வீசுவதற்குக் கனம் கிடைக்கும் அளவுக்குச் சிறிதே தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிற்றை முடிந்து, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மூழ்குபவரைத் தாண்டி விழும்படி எறிந்து, அவர் கைக்கு வருமாறு இழுக்க வேண்டும். மறுமுனையை மிதிக்க மறந்து கயிற்றையும் சேர்த்து எறிந்துவிடுவதுதான் முதன்முறை முயல்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பள்ளி மைதானத்தில் ஒரு மாலை பழகினால் அது போய்விடும். கரைக்குக் கொண்டுவந்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க முயல்வதும், தூக்கிச் சுற்றுவதும் பொன்னான நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும், நெஞ்சின் நடுவே அழுத்துவதும், உடனே 108ஐ அழைப்பதும்தான் செய்ய வேண்டியவை.

சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை ஓட்டி விபத்து நேர்ந்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. உரிமம் பெற்றவர் ஓட்டினாலும், தங்கும் அறைச் செலவை மிச்சப்படுத்துவதற்காக இரவெல்லாம் ஓட்டி விடியற்காலையில் ஊர் சேரும் திட்டத்தைப் பெற்றோர் ஒப்புக்கொள்ளக் கூடாது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

மதுவைப் பற்றிப் பேசப் பெற்றோர் கூசுகிறார்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். ஆயினும் முதல் கோப்பை பெரும்பாலும் இத்தகைய பயணத்தில்தான் நீட்டப்படுகிறது. வேண்டாம் என்று சொல்லும் துணிவை வீட்டிலேயே கொடுத்து அனுப்ப வேண்டும். அதோடு, குடித்த நண்பர் எவரையும் தண்ணீரில் இறங்கவோ வண்டியைத் தொடவோ விடக் கூடாது என்பதையும், நினைவிழந்து கிடப்பவரைத் 'தூங்கட்டும்' என்று விட்டுவிடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்தபடி 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வது குடிக்க அனுமதி கொடுப்பதாகாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது ஒன்று உண்டு. வீட்டில் சொல்லாமல், குரூப் ஸ்டடி என்றும் தோழி வீடு என்றும் காரணம் காட்டிப் போகும் பிள்ளைகளே மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள். ஏதேனும் தவறு நேரும்போது, அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தில், உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தைத் தயங்கியே கழித்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்த அச்சம் இருமடங்கு. தொல்லை கொடுத்தவனைப் பற்றிச் சொன்னால், 'உன்னை யார் போகச் சொன்னது' என்ற கேள்விதான் முதலில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். 'எந்த ஊராக இருந்தாலும், எந்த நேரமானாலும், என்ன செய்திருந்தாலும் போன் செய். முதலில் வந்து அழைத்துக்கொள்கிறேன். பேசுவதை வீட்டுக்கு வந்தபின் பேசிக்கொள்ளலாம்' என்று தாயோ தந்தையோ வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். உடன் செல்வோர் அனைவரின் பெற்றோர் எண்களும் ஒரு தாளில் எழுதப்பட்டு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு 1098 ஆகிய எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும். போன் நீரில் விழுந்துவிட்டால் அதில் பதிந்து வைத்தவை உதவாது.

இதைப் பெற்றோரிடம் மட்டும் விட்டுவிடுவதும் நியாயமன்று. கூலி வேலைக்குப் போய் இரவு திரும்பும் தாய், கடல் நீரோட்டத்தைப் பற்றி எங்கே கற்றுக்கொள்வார்? ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புத் துறை தீத்தொண்டு வாரம் கடைப்பிடித்து, பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் அளித்துவருகிறது. அந்தச் செயல்விளக்கத்தில் நீர்மீட்பையும் சேர்த்து, ஆறும் கடலும் அருவியும் உள்ள ஒவ்வொரு வட்டத்திலும் பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் நடத்த வேண்டுமென மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் டூ மாணவர்களுக்கு அதுவரை காத்திருக்க முடியாது. ஹால் டிக்கெட் வழங்கும் நாளில் எல்லோரும் பள்ளிக்கு வருகிறார்கள். அன்று பெற்றோரையும் வரச்சொல்லி, இதே பாடத்தை நடத்தப் பள்ளிக்கல்வித் துறை உத்தரவிட வேண்டும். குளித்தலை வட்டாரப் பள்ளிகளில் எது அழைத்தாலும், கயிறும் கேனும் எடுத்துக்கொண்டு ஊதியம் எதுவும் பெறாமல் வந்து கற்றுக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
குளித்தலை, கரூர் மாவட்டம்.