31-க்கு 9

அன்புள்ள முரளி,

உன் கடிதமும் அதோடு நீ இணைத்திருந்த அட்டவணையும் வந்து சேர்ந்தன. கடிதம் ஒன்றரைப் பக்கம், அட்டவணை ஏழு பக்கம். சிரித்துவிட்டேன். கல்லூரிக் கால்பந்து நாட்களில் மைதானத்தின் இடது ஓரம் முழுக்க உன் பட்டா நிலம். காலில் பந்து பட்டதும் பாஸ் என்ற சொல்லே உனக்கு மறந்துபோகும். "டேய், கொடுடா" என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் அணியில் பாதிப் பேர். அப்படிப்பட்ட நீ இன்று 15 வயதுப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகி, ஓரத்தில் ஆடும் விங்கர் ஒருத்தியைக் காட்டி, "பந்தை வீணடிக்கிறாள், உட்கார வைத்துவிடலாமா?" என்று என்னைக் கேட்கிறாய். காலம் எப்படியெல்லாம் பழிவாங்குகிறது பார்.

முதலில் என் சேதி. முழங்கால் பரவாயில்லை. படி ஏறிவிடுகிறேன், இறங்குவதுதான் தகராறு. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. நடுராத்திரி ஆட்டம் பார்க்க இப்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, மனைவியைத் தவிர. அவள் அடுத்த அறைக்குப் படுக்கப் போய்விட்டதால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

சரி, உன் பெண்ணுக்கு வருவோம். மூன்று ஆட்டங்களில் 31 முறை எதிராளியைத் தாண்டப் பார்த்து, 9 முறைதான் தாண்டியிருக்கிறாள். கோல் இல்லை. அசிஸ்ட், அதாவது அடுத்தவர் கோலடிக்கக் கொடுத்த கடைசி பாஸ், ஒன்று. "மூன்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை" என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். எனக்கு அந்த 9-ஐப் பற்றிக் கவலை இல்லை. மீதி 22 முறை பந்து எங்கே பறிபோனது? ஏழு பக்க அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லையே.

உனக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். எண்கள் என் கற்பனை, சண்டைக்கு வராதே. எதிரணியின் கோலுக்கு முன்னாலிருக்கும் பெனால்டி பாக்ஸ் பக்கத்தில் பந்தோடு நிற்கிறாள் என்று வை. பின்னால் பத்திரமாகத் தட்டிவிட்டால் அந்தத் தாக்குதல் கோலாக 100-க்கு 1 வாய்ப்பு. எதிரே தடுத்து நிற்கும் பேக்கைத் தாண்டிவிட்டால் 100-க்கு 8. பறிகொடுத்தால், எதிரணி முழு மைதானத்தையும் கடந்து வந்து கோல் போட 100-க்கு 1. போட்டுப் பார்: 100-க்கு 22 முறை தாண்டினாலே போதும், பத்திரமான பாஸுக்குச் சமமாகிவிடுகிறது. நாலில் மூன்று முறை பறிகொடுப்பவளால்கூட அணிக்கு நஷ்டம் இல்லை. இதையே உங்கள் சொந்தப் பாதியில் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாண்டினால் 2, பறிகொடுத்தால் எதிரணிக்கு 5, பத்திரமான பாஸுக்கு அதே 1. இப்போது 100-க்கு 86 முறை தாண்டினால்தான் கட்டுப்படியாகும். ஆள் அதே ஆள், கால் அதே கால். நின்ற இடம் மட்டும்தான் வேறு. 31-க்கு 9 என்பது 29 சதவீதம். அந்த முயற்சிகளில் பெரும்பாலானவை எதிரணிக் கோல் பக்கம் நடந்திருந்தால், உன் கணக்குப்படியே அவள் லாபத்தில் ஓடுகிறாள்.

உன் குலத்துக்கு மூத்தவர் ஒருவர் உண்டு, சார்லஸ் ரீப். இங்கிலாந்து விமானப்படையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆட்டம் ஒன்றில் இடைவேளைக்குப் பிறகு காகிதமும் பென்சிலுமாகக் குறிப்பெடுக்கத் தொடங்கி, பிறகு பல ஆண்டுகள் விடவே இல்லை. பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் முடியும் தாக்குதல்களில்தான் வருகின்றன என்று கண்டுபிடித்தார். ஆகவே பந்தை நீளமாக அடி, வேகமாக முன்னே அனுப்பு என்றார். எண்ணியதில் தப்பில்லை. ஆனால் ஆட்டத்தில் நடக்கும் தாக்குதல்களில் மிகப் பெரும்பாலானவையே மூன்று பாஸ்களைத் தாண்டுவதில்லை! மொத்தத்தில் எத்தனைக்கு எத்தனை என்று பார்க்காமல் விட்டதில் வந்த வினை அது. இப்போதைய ஆட்கள் அவ்வளவு அவசரக்காரர்கள் இல்லை. பந்து எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நகர்ந்தால் கோல் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்றெல்லாம் மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். நான் மேலே போட்ட கணக்கு அதன் ஏழைத் தம்பி.

ஆனாலும் ஒன்று எந்தக் கட்டத்திலும் விழுவதில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நாலு வருஷம் பயிற்சியில் உன்னைத் தடுக்க நின்ற ரைட் பேக் நான்தான்.

ஒரு சாயங்காலம் நினைவிருக்கிறதா? மழை பெய்து விட்டிருந்தது. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் உள்ளே வெட்டுவதுபோலத் தோளைச் சாய்த்துவிட்டு வெளியே போனாய். நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அன்று நீ என்னைத் தாண்டவே இல்லை. ஆறு முறை வந்தாய், ஆறு முறையும் பறித்தேன். உன் அட்டவணை அதை 7-க்கு 1 என்று எழுதும், அன்று எனக்கு நல்ல நாள் என்று சொல்லும். நடந்ததோ வேறு. அந்த முதல் முறைக்குப் பிறகு நான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். உன் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் நடுவில் ஆடியவனை "வாடா, வாடா" என்று பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவன் வந்தான். அவன் விட்டுவிட்டு வந்த காலி இடத்தில் உங்கள் ஆள் ஒருவன் சாவகாசமாக நடந்து வந்து இரண்டு கோல் அடித்தான். அதில் உனக்கு அசிஸ்ட் கிடையாது, அதற்கு முந்தைய பாஸ்கூட உன்னுடையது கிடையாது. அந்த இரண்டு கோல்களும் நான் சேற்றில் உட்கார்ந்த அந்த நொடியில் போடப்பட்டவை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பயந்த பேக் பின்வாங்கிக்கொண்டே போனால் விங்கர் பந்தோடு பதினைந்து மீட்டர் தாராளமாக ஓடி வருவான். யாரையும் தாண்டவில்லை, ஆகவே ஆளைத் தாண்டுவதை எண்ணும் டிரிபிள் கணக்கில் அது ஏறாது. எதிராளி அதிகம் பயப்படப் பயப்பட, டிரிபிள் எண்ணிக்கை குறையும். இரண்டு பேர் சேர்ந்து அடைத்து நிற்கும்போது பின்னால் தட்டிவிட்டால் அது சாதாரணப் பாஸ் என்று பதிவாகும். இரண்டு பேரை இழுத்து வைத்திருந்ததற்கு மதிப்பெண் இல்லை. ஒரு ஆட்டக்காரர் 90 நிமிஷத்தில் பந்தைக் காலில் வைத்திருப்பது சில நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் அவர் எங்கே நிற்கிறார், யார் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதும் ஆட்டம்தானே? பெரிய கிளப்புகள் கேமரா வைத்து ஒவ்வொரு ஆளின் நகர்வையும் வினாடிக்கு 25 முறை பதிவு செய்கின்றன. உன்னிடம் இருப்பது ஒரு உதவியாளரும் ஒரு நோட்டும்.

பிரேசில் விங்கர் கரிஞ்சா 1958 உலகக் கோப்பையில் எத்தனை கோல் போட்டார், சொல். பூஜ்யம். முதல் இரண்டு ஆட்டங்களில் அவரை இறக்கவே இல்லை. மூன்றாவது ஆட்டம், சோவியத் யூனியனுக்கு எதிராக. தொடங்கிய முதல் நிமிஷத்திலேயே வலது ஓரத்தில் ஆளை ஏமாற்றி உள்ளே நுழைந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்றைய கணக்கில் அதற்குப் பெயர் குறி தவறிய ஷாட். மூன்றாவது நிமிஷத்தில் அவர் அணியின் வாவா கோல் அடித்தபோது எதிரணி அதற்குள் ஆடிப்போயிருந்தது. இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் முதலில் முந்தியது. அதன் பிறகு வாவா அடித்த இரண்டு கோல்களுமே கரிஞ்சா வலது ஓரத்தில் போய்க் கொடுத்த பந்துகளில் வந்தவை. 1962-ல் அவரே நான்கு கோல் அடித்தார். அந்த வருஷத்து அவரை எந்த அட்டவணைக்கும் புரியும்.

அசிஸ்ட் என்பது பாதி அடுத்தவர் கையில், மன்னிக்கவும், காலில் இருக்கிற விஷயம். இங்கிலாந்தின் உல்வ்ஸ் அணியில் விங்கர் அடாமா டிராயோரே 2019-20 பிரீமியர் லீகில் 9 அசிஸ்ட் கொடுத்தார். அவர் அனுப்பும் பந்துகளைப் பாக்ஸுக்குள் கோலாக்க ராவுல் ஹிமெனெஸ் இருந்தார். 2020 நவம்பரில் ஹிமெனெஸுக்கு மண்டை ஓடு உடைந்து அந்த சீசனே போனது. டிராயோரேவின் அசிஸ்ட் 2 ஆகிவிட்டது. அவர் ஓட்டம் ஒன்றும் நின்றுவிடவில்லை. கையைப் பிடித்து இழுக்க முடியாதபடி கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கும் அளவுக்கு எதிராளிகள் அவரிடம் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறாயா?

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஆக, கண்தான் பெரிது என்கிறான்" என்று நினைத்துவிடாதே. என் கண்ணையும் நான் நம்புவதில்லை. போன மாதம் ஒரு ஆட்டம் முடிந்ததும் அந்த இடது விங்கர்தான் ஆட்டத்தையே புரட்டிப்போட்டான் என்று மனைவியிடம் அளந்தேன். மறுநாள் பதிவை ஓடவிட்டு எண்ணினேன். முதல் அரை மணி நேரத்தில் இரண்டு முறை பிரமாதமாகத் தாண்டியிருந்தான். அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த இரண்டை வைத்து மீதி ஒரு மணி நேரத்தை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். பந்து போனபின் அவன் இடுப்பில் கை வைத்து நின்றதையும், அவன் பின்னால் ஆடிய லெஃப்ட் பேக் தனியாக அல்லாடியதையும் முந்தின ராத்திரி நான் பார்க்கவே இல்லை. அந்த அல்லாடலை நானாவது பார்த்திருக்க வேண்டாமா?

இங்கிலாந்தில் 1953 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் இன்றும் 'மாத்யூஸ் இறுதி' என்றுதான் அழைக்கப்படுகிறது. பிளாக்பூல் 3-1 என்று பின்தங்கியிருந்து 4-3 என வென்றது. அந்த அணியின் 38 வயது விங்கர் ஸ்டான்லி மாத்யூஸ் வலது ஓரத்தில் புகுந்து விளையாடினார், உண்மை. ஆனால் மூன்று கோலடித்து ஹாட்ரிக் போட்டவர் அதே அணியின் மோர்டென்சன். அந்த மனிதருக்குக் கண் செய்த அநியாயம் இது. மாத்யூஸுக்கு எதிர்ப்பக்கம் எதிரணியான போல்டனின் எரிக் பெல் தொடைத்தசை பிடித்து நொண்டிக்கொண்டிருந்தார், பேக் ஆடிய ரால்ஃப் பேங்க்ஸுக்கும் கால் இழுத்துக்கொண்டது. மாற்று ஆள் இறக்க அந்தக் காலத்தில் விதி கிடையாது. மாத்யூஸைக் குறைத்துச் சொல்லவில்லை. நொண்டும் பக்கத்தைக் கண்டுகொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் போவதும் விங்கருக்கு வேண்டிய புத்திதான். ஆனால் மாத்யூஸை மட்டும் பார்த்தவர்களுக்குப் பாதி ஆட்டம்தான் தெரிந்திருக்கும்.

ரியல் மாட்ரிட் விங்கர் வினிசியஸ் விஷயத்தில் நாம் இரண்டு பேருமே அசடு வழிந்தோம். 2019-20-ல் ஸ்பெயினின் லா லிகாவில் 3 கோல், 2020-21-லும் 3. "கோல் முன்னால் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் அடிக்கிறான்" என்றாய் நீ. எனக்கும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 2020 அக்டோபரில் ஒரு ஆட்டத்தின் இடைவேளையில், அவருக்குப் பந்து கொடுக்காதே என்று சக ஆட்டக்காரர் பென்சிமாவே இன்னொரு வீரரிடம் சொன்னது கேமராவில் சிக்கியதே, அப்போது நாம் தலையாட்டினோம். அடுத்த சீசன் 17 கோல். 2022 மே 28 அன்று பாரிஸில் லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையது. அதுவும் எப்படி? யாரையும் தாண்டவில்லை, ஏமாற்றவில்லை. வால்வெர்டே வலப்பக்கமிருந்து அடித்த பந்துக்குத் தூரக் கம்பத்தின் பக்கம் சரியான நேரத்தில் வந்து நின்று தட்டிவிட்டார். அந்த இரண்டு மோசமான வருஷங்களிலும் அவர் ஓயாமல் அந்த இடங்களுக்கு வந்துகொண்டேதான் இருந்தார். ஆளைத் தாண்டிப் பாக்ஸுக்குள் வருவது கற்றுக்கொடுக்கக் கஷ்டமானது. வந்தபின் நிதானமாக அடிப்பது வயதோடு வரலாம். நீ கோல் கட்டத்தை மட்டும் பார்த்தாய், நான் கடைசி அடியை மட்டும் பார்த்துக் கடுப்பானேன்.

ஆகவே உன் பெண்ணை இப்போதைக்கு உட்கார வைக்காதே. அடுத்த இரண்டு ஆட்டங்களில் உன் உதவியாளரை மூன்று விஷயம் குறிக்கச் சொல். பந்து பறிபோன இடம். பறிபோன அடுத்த ஐந்து வினாடி அவள் என்ன செய்கிறாள், துரத்துகிறாளா, தலையில் கை வைக்கிறாளா? முக்கியமாக, எதிரணி ரைட் பேக் முதல் பத்து நிமிஷத்தில் எங்கே நின்றாள், 60-வது நிமிஷத்தில் எங்கே நிற்கிறாள்? மூன்றாவதைக் குறிப்பது சிரமம். முடிந்தால் போனில் மொத்த மைதானமும் தெரிகிற மாதிரி, பந்தின் பின்னால் அலையாமல் வீடியோ எடுத்து அனுப்பு. நான் அந்த ரைட் பேக்கை மட்டும் பார்க்கிறேன். அவள் பின்வாங்குகிறாளா, பக்கத்திலிருப்பவளைக் கூப்பிடுகிறாளா என்பது எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சொந்தப் பாதியில் அவள் இந்த வேலையைச் செய்தால் மட்டும் கண்டிப்பாகத் திட்டு. உன்னை யாரும் திட்டாமல் விட்டதால்தான் கடைசி வருஷ அரையிறுதியில் நம் பாக்ஸ் பக்கத்திலேயே பந்தைப் பறிகொடுத்தாய். அந்தக் கோலுக்கு இன்றுவரை என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

வீடியோவை அனுப்பு. அட்டவணை வேண்டாம்.

உன்
சேகர்