பாம்பன் ரேடியோவில் நம்ம ஊர்ப் பேச்சு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்திலும் இன்லண்ட் வாங்கி, ஓரம்வரை இடம் விடாமல் எழுதுகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். திருப்பூர் வெயிலைப் பற்றி அரைப்பக்கம் புலம்பியிருக்கிறாய். இங்கே வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் கச்சான் காற்று வீச ஆரம்பித்துவிட்டதால் சமாளிக்கிறோம். என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பேத்தி நடக்கிறாள், விழுகிறாள், மறுபடி நடக்கிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். "டிவியில் ராமேஸ்வரம் மீனவர் என்று நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள், நிஜமாகவே ஊரில் என்னதான் நடக்கிறது?" என்று எழுதியிருந்தாய். அந்த நாலு பேரில் ஒருத்தருக்காவது வலையில் எது மடி, எது கயிறு என்று தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். அவர்களுக்குக் கச்சத்தீவு தெரியும், அதை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தம் தெரியும், எந்தக் கட்சி அப்போது ஆட்சியில் இருந்தது என்பது நன்றாகத் தெரியும். விளம்பர இடைவேளை வரும்வரை அதைச் சொல்லிச் சண்டை போடுவார்கள். நான் இப்போது அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஊர்ப் பேச்சைக் கேட்க எனக்கு வேறு இடம் கிடைத்திருக்கிறது.

பாம்பனில் கடல் ஓசை என்று ஒரு ரேடியோ இருக்கிறது, 90.4. நீ ஊரை விட்டுப் போன பிறகு, 2016இல் ஆரம்பித்தது. சமூக வானொலி. இந்த மாதிரி நிலையங்களுக்கு 100 வாட் அளவுதான் அனுமதி, அதனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கேட்காது. நம்ம தீவும் சுற்றியுள்ள கடலும்தான் அதன் உலகம். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா என்று சொல்வார்கள். பேசுகிறவர்களில் பலர் கடல்தொழில் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள். சென்னைத் தமிழ் கிடையாது. பாக் நீரிணையை 'வடகடல்', மன்னார் வளைகுடாவைத் 'தென்கடல்' என்று நாம் பேசுகிற மாதிரியே பேசுவார்கள். அதற்காகவே முதலில் கேட்க ஆரம்பித்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. சமூக வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது அரசு விதி. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அரசியலும் கூடாது. அதாவது நேற்று ராத்திரி இலங்கைக் கடற்படை இரண்டு படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று விடிவதற்குள் டீக்கடை முழுக்கத் தெரிந்திருக்கும், ஆனால் ஊர் ரேடியோ அதைச் செய்தியாகச் சொல்ல முடியாது. டீசல் விலை, ஐஸ் செலவு, கடற்பாசி எடுக்கிற பெண்களின் விரல் காயம், இறால் குறைந்துபோனது என்று பேசலாம். அசட்டு விதி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதனால் ஒரு நன்மையும் உண்டு: எந்தக் கட்சியின் செய்தித் தொடர்பாளரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை விசைப்படகெல்லாம் கரையில். நாம் திரிந்த காலத்தில் இப்படி ஒன்று கிடையாது. பிறகு 45 நாள் என்று வந்தது, 2017இலிருந்து 61 நாள் ஆகிவிட்டது. நிவாரணத்தை ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் ஆக்குவதாக 2023இல் மண்டபம் ஊரில் முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு எட்டாயிரம் எத்தனை நாள் வரும் என்று உனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஆட்கள் சும்மா இருக்கிறார்கள், வலை பொத்துகிறார்கள், பேசுகிறார்கள். பேச்சுக்கு இதுதான் சீசன்.

என்ன பேசுகிறார்கள் என்றால், பழைய சண்டைதான், பெரிய விசைப்படகா சின்ன நாட்டுப்படகா. உன் பிள்ளைகளுக்கு இது புரியாது, நீ எடுத்துச் சொல்லு. வடகடலில் விசைப்படகு திங்கள், புதன், சனி போகலாம். மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. கரையை ஒட்டிய கடலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்பது 1983 சட்டம். ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் விசைப்படகு இழுத்துப் போகிற, கடலை அடிவரை வாரும் இழுவைமடி ஒரு தடவை போன இடத்தில் நாட்டுப்படகுக்காரன் விரித்த வலை என்ன கதியாகும் என்பது நமக்குத் தெரியாததா?

டிவிக்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நம்ம படகைப் பார்த்து இலங்கைப் பக்கம் கோபப்படுகிறவனும் தமிழன்தான். யாழ்ப்பாணத்து மீனவன், மன்னார் மீனவன். போர் நடந்த வருஷங்களில் அவன் கடலுக்குப் போக முடியவில்லை. முடிந்த பிறகு கடன் வாங்கி வலை வாங்கினான். அதை நம்ம இழுவைப்படகு எல்லை தாண்டிப் போய் அறுத்தால் அவன் என்ன செய்வான்? இலங்கை 2017இல் அந்த மடியைத் தன் கடலில் தடைசெய்தது. அடுத்த வருஷம் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தைக் கோடிக்கணக்கில் ஏற்றியது. சிங்களக் கடற்படை, தமிழ் மீனவன் என்று மட்டும் சொன்னால் கதை சுலபமாக இருக்கிறது, சென்னை ஸ்டூடியோவில் நன்றாக எடுபடுகிறது. அடித்ததும், சுட்டதும், ஆளைச் சிறையில் போட்டதும் பொய் என்று நான் சொல்லவில்லை. நம்ம தெருவிலேயே ஆளை இழந்த வீடு இருக்கிறது. ஆனால் அது முழுக் கதை இல்லை.

ரேடியோவில் ஒரு பெரியவர் பேசினார், நாட்டுப்படகுக்காரர். "அங்க உள்ளவன் வலையை அறுக்குற படகுதான் எங்க வலையையும் அறுக்குது" என்றார். யார் படகு என்று சொல்லவில்லை. "சில படகுகள்" என்றார். எந்தச் சில என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். அவரை அடுத்துப் பேசியவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அவரும் கத்தவில்லை. "ஐயா சொல்றது சரிதான், ஆனா மூணு நாள் தொழில்ல டீசலும் ஐஸும் போக எங்களுக்கு என்ன மிஞ்சுது? வேற எங்க போறது?" என்றார். அவ்வளவுதான். யாரும் யாரையும் துரோகி என்று சொல்லவில்லை.

எனக்குத் தோன்றுவது இது. டிவியில் பேசுகிறவனுக்குக் கேட்கிறவன் யாரென்று தெரியாது. இங்கே யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவனும் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறான், நாளைக்கு ஏலக்கடையில் எதிரில் நிற்பான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்காருவான். அதனால் வார்த்தையை அளந்து பேச வேண்டியிருக்கிறது. அளந்து பேசும்போது உண்மை கொஞ்சம் கூடுதலாகவே வெளியே வருகிறது என்பது என் அனுபவம். கத்துவது சுலபம், மாப்ளே. பெயர் சொல்லாமல் ஊருக்கே புரிகிற மாதிரி சொல்வதற்குத்தான் மூளை வேண்டும்.

அதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு மீனைத் தான் சொன்ன விலைக்கே எடுக்கிற ஆட்களைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. கடன்பட்டவன் எப்படிப் பேசுவான்? அந்த விஷயம் ரேடியோவிலும் வராது, டிவியிலும் வராது.

அரசின் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் பற்றியும் அடிக்கடி பேச்சு வருகிறது. இழுவைமடியை விட்டுவிட்டுச் ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கப் போங்கள் என்று 2017இல் கொண்டுவந்தார்கள். படகு ஒன்றுக்கு 80 லட்சம் மதிப்பு, பெரும்பகுதி மானியம், மீதி கடனும் கைக்காசும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் போய்க் காலையில் திரும்புகிற தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவனை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிட என்றால் உடனே கிளம்பிவிடுவானா? கடனை யார் கட்டுவது, பெரிய படகை எங்கே கட்டுவது என்று கேள்விமேல் கேள்வி. திட்டம் போட்டவர்கள் இந்தக் கேள்விகளை முதலில் கேட்டிருக்கலாம்.

ஆண்கள் பேச்சைவிட எனக்குப் பிடித்தது பாசி எடுக்கும் பெண்கள் பேசுவது. சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதை நாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம், அப்போது அதைத் தொழில் என்றே நினைத்ததில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து அவர்களுக்கு வனத்துறையோடு தகராறு. தீவைப் பாதுகாக்க வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் கையால் கிள்ளி எடுக்கிற பெண்ணைப் பிடித்துப் படகைப் பறிப்பது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மற்ற நாள் பாசி வளர விடுவது என்று அவர்களே கூடிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காக நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தரும் விருது கொடுத்தார்கள். விருது வாங்கியவரும் பிறகு பாசிக்குத்தான் போனார். அந்தப் பெண்கள் பேசும்போது எந்த மழுப்பலும் கிடையாது. ஆண்களிடம் இருக்கிற "சில படகுகள்" எல்லாம் அவர்களிடம் இல்லை.

பாம்பன் ரயில் பாலம் பற்றிக் கேட்டிருந்தாய். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்ற பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே இல்லை. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலத்தைத் திறந்தார்கள். பழையதில் ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்களே, இதில் நடுப்பாலம் அப்படியே மோட்டாரில் 17 மீட்டர் மேலே போகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டம் கூடிவிட்டது, குப்பையும் கூடிவிட்டது. அக்னி தீர்த்தத்துப் பக்கம் நான் போவதே இல்லை.

உன் ஊரைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலக்கிறது என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அப்போது நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பட்டறைக்காரர், அங்கே வேலை செய்கிறவர், நொய்யலை நம்பிப் பயிர் வைத்த ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயி, இந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, மற்ற இரண்டு பேரும் கேட்கும்படி எப்போதாவது பேசியிருக்கிறார்களா? அடுத்த கடிதத்தில் இதை விவரமாக எழுது. வெயிலுக்குக் கால்பக்கம் போதும்.

ஜூன் 14க்குப் பிறகு நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா. தடை முடிந்து கடலுக்குப் போகிற முதல் நடையில் இறால் நிறையக் கிடைக்கும். பேரனையும் கூட்டிவா, பாலம் தூக்குவதைக் காட்டுகிறேன். கப்பல் என்றைக்கு வருகிறது என்று விசாரித்து முன்னாலேயே எழுதுகிறேன், அதற்குத் தகுந்த மாதிரி டிக்கெட் போட்டுக்கொள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய சிநேகிதன்
தங்கச்சிமடம்