நோட்டைப் பார்த்துவிட்டு மென்பொருள் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரணாம்பட்டில் தோல் பை, பர்ஸ் தைக்கும் தொழிலை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பட்டறையில் ஒன்பது பேர். துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துத் தரும் பெண்கள் பதினான்கு பேர். வேலூர், ஆம்பூர் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், அக்கா?" என்பதுதான். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

கையிருப்பு, ஆர்டர், சம்பளம் எல்லாம் அடங்கிய மென்பொருள் ஒன்றுக்கு முதல் ஆண்டிலேயே சந்தா கட்டினேன். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். தோலைச் சதுர அடியில் வாங்கி, பையை எண்ணிக்கையில் விற்கிறோம். இடையில் உண்ணி கடித்த தழும்பு, ஓரக் கிழிசல் என்று கழிவு போகும். அந்தக் கழிவை எழுத அதில் இடமே இல்லை. பேஸ்டிங் மேஜையில் இருப்பவரின் விரல்களில் பசை காய்ந்து ஒட்டியிருக்கும். அவர் எப்படிக் கடவுச்சொல்லைத் தட்டுவார்? நான்கே மாதத்தில் திரையில் 640 சதுர அடி, அலமாரியில் 410. விலகியபோது எங்கள் கணக்கு பிடிஎஃப் கோப்பாகத்தான் வந்தது. என் தங்கை அத்தனையையும் திரும்பத் தட்டச்சு செய்தாள். அந்த இரவுகளை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

எங்கள் கட்டிங் மாஸ்டர் அதற்கெல்லாம் முன்பிருந்தே நோட்டில் கோடு போட்டு எழுதி வந்தார்: லாட் எண் (ஒரு தடவையில் வந்து இறங்கும் தோல் ஒரு லாட்), வந்த அடி, வெட்டிய துண்டு, கழிவு, யாரிடம் போனது. அந்த ஐந்து கட்டங்களையே கூகுள் ஷீட்ஸில் போட்டோம். ஆறாவதாக, திரும்பி வந்த தேதி. ஜிஎஸ்டி சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலைக்கு, அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். மாலை ஆறு மணிக்கு மாஸ்டர் வாசிக்க, ஒருவர் மட்டுமே பதிகிறார்.

பில்லுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள், எங்கள் ஆடிட்டருக்கும் அதுதான் பழக்கம். தைப்பவர்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; உருதுதான் படிப்பார்கள். அதனால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அளவுகளைச் சொல்லி, மாதிரிப் பையின் படத்தையும் அனுப்புகிறோம். தவறாகத் தைத்து வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பெரிய மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வரிசையில் இருவர் மாற்றி மாற்றி எழுதிக் குழம்பும் அளவுக்குத் தொழில் வளர்ந்தால் நானும் வாங்குவேன். ஆனால் பணம் கட்டும் முன், நம் கணக்கை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று விற்பவரிடம் கேட்டு, எதிரிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்தில் தொழில்முனைவோர் பயிற்சி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நாள் திரையை மடித்து வைத்துவிட்டு, பிள்ளைகளை ஏதாவது ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்று, ஒரு லாட் தோல் வந்து இறங்குவதிலிருந்து பையாக வெளியேறும் வரை கூடவே நடந்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் பட்டறைக்கு வந்தாலும் மகிழ்ச்சியே.

- ஒரு வாசகி, பேரணாம்பட்டு